ஒன்பது மணிக்கு முன்னால் திறந்த அறை

சி மொழியில் நான் எழுதியவற்றில், பரீட்சைக்காக இல்லாமல் நிஜ மனிதர்கள் பயன்படுத்திய முதல் புரோகிராம், திருப்பதியில் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்வதற்கானது. பிற்பாடு பெங்களூர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் வங்கிக்கு எழுதினேன், விமானக் கம்பெனிக்கு எழுதினேன் என்று ஆரம்பிப்பார்கள். நான் மூட்டைக்கு எழுதினேன் என்று ஆரம்பிப்பேன். சிரிப்பார்கள். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அந்தப் புரோகிராமுக்கு உள்ளே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீடு நகரியில். நைனா விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் எனக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் தூக்கல், கோபமும் அப்படித்தான். டிகிரி முடித்து, திருப்பதியில் ஒரு சென்டரில் சி படித்து, அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் சேர்ந்தேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அமெரிக்கா கனவு, மீதிப் பேருக்குப் பலமனேர் வழியாகப் போகும் பெங்களூர் பஸ். திருப்பதியிலேயே இருக்கப்போகிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

சென்டருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சத்திரம். மலைக்குப் போகிறவர்கள் பைகளை அங்கே வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர். தெலுங்குக்காரர். தமிழ் முழுக்க யாத்திரிகர்களிடமே கற்றுக்கொண்டது, அதனால் அவர் தமிழில் சென்னை, வேலூர், மதுரை எல்லாம் கலந்து வரும். சத்திரத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, அதில் ஏதாவது செய்யுங்கள் என்று அவர் சென்டருக்கு வந்து கேட்டபோது, சென்டர்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

அதுவரை அங்கே இருந்த முறை எளிமையானது. சுவர் முழுக்க மரத்தடுப்புகள், ஒவ்வொன்றிலும் பெயிண்டில் எண். டோக்கன் எண் எதுவோ அந்தத் தடுப்பில் பை. ஒரு துண்டில் சுற்றிய சட்டை வேட்டிக்கும் ஒரு தடுப்பு, கல்யாணக் கோஷ்டியின் பெரிய டிரங்குப் பெட்டிக்கும் ஒரு தடுப்பு. பாதித் தடுப்புகளில் காற்று இருக்கும், வாசலில் ‘இடம் இல்லை’ பலகை தொங்கும். எனக்குப் பார்த்ததும் ஆத்திரமாக வந்தது. இத்தனை இடம் என்று முன்கூட்டியே கட்டிப்போட்டுவிட்டு, வேண்டியதற்குப் போதாமலும் வேண்டாததற்கு வீணாகவும் போவதைப் பற்றித்தான் நான் தினமும் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதனால் தடுப்புகளையெல்லாம் கழற்றச் சொன்னேன். பையை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வையுங்கள், எங்கே வைத்தீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்றேன். கம்ப்யூட்டருக்குள் நான் கட்டியது இதுதான்: அறைகளுக்கு ஓர் அர்ரே, அதாவது வரிசை. வரிசையில் உள்ள ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு சங்கிலி தொங்கும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு பை: டோக்கன் எண், ஆளின் பெயர், பை கிடக்கும் அலமாரி வரிசை. பை வந்தால் புதுக் கண்ணி, போனால் கண்ணி கழன்றுவிடும். அறைகளும் அப்படித்தான். கூட்டம் அதிகமாகி இன்னோர் அறையைத் திறந்தால், நினைவகத்தில் ஒரு பெரிய இடம் பிடித்து, பழைய வரிசையை அப்படியே நகலெடுத்து, கடைசியில் புது அறையைச் சேர்க்கும். பெரிய வீட்டுக்குக் குடிபோவது மாதிரி.

இந்த ஏற்பாட்டில் எனக்கு அப்படி ஒரு பெருமை. பத்து அறை என்றாலும் ஓடும், நூறு அறை என்றாலும் ஓடும் என்று சென்டரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வகுப்பில் யாராவது மேலாக் போட்டு இடம் வாங்கிவிட்டு, வேலை முடிந்ததும் ஃப்ரீ போட்டு அதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டால் எரிந்து விழுவேன். “வாங்கத் தெரியுது இல்ல, குடுக்கத் தெரியாதா?” என்று நான் கேட்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு புரட்டாசி வந்தது.

புரட்டாசி சனிக்கிழமை திருப்பதி எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் துணியும் நாமமுமாக ரோடே தெரியாது. அன்றைக்குக் காலையில் எனக்கு இரண்டு வகுப்பு. மதியம் ஒரு மணிக்கு மேல், சாப்பிடப் போகும் முன் எட்டிப் பார்க்கலாம் என்று சத்திரத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், இவ்வளவு கூட்டத்தையும் என் புரோகிராம் தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து ரசிக்கத்தான் போனேன்.

கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையில் டோக்கனை நீட்டியபடியே இருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் மூன்றாவது முறை அந்த எண்ணைத் தட்டினார். திரையில் நான் எழுதிய வரியே வந்தது: அப்படி ஒரு டோக்கன் இல்லை.

“இல்லன்னா இன்னா அர்த்தம்? காத்தால நான்தான் வெச்சேன். இதே கவுண்டர்ல வெச்சேன். தோ, இந்த சீட்டு நீங்க குடுத்ததுதான?” என்றாள் அவள்.

“எப்போக்கா வெச்சீங்க?” என்று நான் கேட்டேன்.

“ஒம்போதரை இருக்கும்மா. மலையில இருந்து இறங்கி வந்து, பைய இங்க வெச்சிட்டு, திருச்சானூருக்குப் போயி தாயாரப் பாத்துட்டு வர்றேன். ரெண்டு மணிக்கு மெட்ராஸ் பஸ்ஸு. ஏஜெண்டு அங்க நின்னுக்கினு இருப்பாரு. விடிகாலம் குவைத்துக்கு ப்ளேனு. பாஸ்போட்டு, விசா எல்லாம் அந்தப் பையிலதான் கீது.”

சித்தூர் பக்கம் எல்லையோரக் கிராமம் அவளுக்கு. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். போன தடவை கடைசி நேரத்தில் ஏதோ காகிதம் சரியில்லை என்று விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்த விசா வந்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். விசாவுக்குக் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. இதையெல்லாம் அவள் அழாமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பை முதல் அறையான பெரிய ஹாலில்தான் எங்கோ இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. காலையிலிருந்து பைகள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஹாலில் முந்நூற்றைம்பது பைகளுக்கு மேல். நாற்பது அலமாரி வரிசை, மேலும் கீழுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. நான்தான் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வையுங்கள் என்று சொல்லியிருந்தேனே.

“எந்த மாதிரி பைக்கா?”

“கறுப்பு ரெக்சின் பை.”

ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். வளைகுடாவுக்கு ஆள் போக ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாக் கிராமத்திலும் கறுப்பு ரெக்சின் பைதான். இரண்டு ஆட்கள் ஒவ்வொன்றாக இழுத்துப் பையில் கட்டியிருந்த டோக்கன் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். மேலே இருக்கும் மூன்றை இறக்கினால்தான் கீழே இருக்கும் ஒன்றின் சீட்டு தெரியும். மணி ஒன்று இருபது.

பழைய தடுப்புகள் இருந்திருந்தால் அவள் இந்நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. வழக்கம்போல எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“நம்பரைத் தப்பா அடிச்சிருப்பீங்க. இல்லன்னா கம்ப்யூட்டரை யாராவது ஆஃப் பண்ணியிருப்பீங்க. என்ன பண்ணீங்க காலையிலேர்ந்து, சொல்லுங்க” என்று சூப்பர்வைசர்மேல் பாய்ந்தேன்.

“ஏமி பண்ணலயே அம்மாயி. வழக்கமா பண்றதுதான். கொத்த ரூமு ஒண்ணு தெறந்தேன், அவ்ளோதான்.”

“புது ரூமா? ஹாலே இன்னும் நிரம்பலையே. அதுக்குள்ள எதுக்குத் திறந்தீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். “சனிக்கெழம ஒம்போதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். கூட்டம் வர்ற வேகத்துக்கு ஹாலு அந்த நேரத்துல நெறைஞ்சிட்டா? ராகு காலத்துல கொத்த ரூமு எப்டிம்மா தெறக்கிறது? அதான் ஒம்போதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே சூடம் காட்டித் தெறந்துட்டு, கம்ப்யூட்டர்லயும் சேத்துட்டேன். பைய மட்டும் ஹாலு நெறையற வரைக்கும் ஹாலுலயே வைங்கன்னு சொல்லிட்டேன்.”

அந்த வார்த்தைகள் காதில் விழுந்ததும் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

எந்த அறை இப்போது நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்ட, விரல் நீட்டுவதுபோல, நான் ஒரு பாயிண்டர் வைத்திருந்தேன். அது ஹாலைக் காட்டிக்கொண்டிருந்தது. அறை நிரம்பினால்தான் அடுத்த அறையைத் திறப்பார்கள், அப்போது பாயிண்டரும் தானாகப் புது அறைக்கு நகர்ந்துவிடும் என்று நினைத்தேன். இங்கே அறை நிரம்புவதற்கு முன்பே வரிசை பெரிய இடத்துக்குக் குடிபோய்விட்டது. பாயிண்டருக்கு அது தெரியாது. அது பழைய வரிசையில் இருந்த பழைய ஹாலையே காட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது மணிக்கு மேல் வந்த ஒவ்வொரு பையும் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் கட்டப்பட்டிருக்கிறது. தேடும்போது நான் புது வீட்டில் தேடுகிறேன். ஒன்பதுக்கு மேல் வைத்தவர்களில் முதலில் திரும்பி வந்தவள் இவள்தான், மற்றவர்கள் இன்னும் மலையில்.

எங்கள் வீட்டில் தறியில் புதுப் பாவு போடுவதென்றாலும் அம்மா காலண்டரைப் பார்க்காமல் விடமாட்டாள். ராகு காலம் முடியட்டும் என்று நான் எத்தனையோ முறை பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பாமல் காத்திருந்திருக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, அமெரிக்காவில் யாரோ எழுதிய புத்தகத்தில் இருப்பதுபோல, அறை நிரம்பினால்தான் மனிதர்கள் அடுத்த அறையைத் திறப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று கூடவே வந்தது. குடிபோன பிறகு பழைய இடத்தை நான் ஃப்ரீ பண்ணித் திருப்பிக் கொடுத்திருப்பேனே. திருப்பிக் கொடுத்த இடத்தில் கம்ப்யூட்டர் அடுத்து வந்ததை எழுதித் தள்ளும். ஒன்பது மணியிலிருந்து நூறு பைக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். பழைய ஹாலின் சங்கிலி தொங்கும் ஆணியே இப்போது இருக்காது. ஆணி போனால், சங்கிலி எங்கே கிடக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது.

“யாரும் கீபோர்டத் தொடாதீங்க. ஸ்விட்ச் பக்கமே போகாதீங்க” என்று கத்தினேன். கரண்ட் போனால் எல்லாமே போச்சு என்ற நினைப்பு வேறு. மணி ஒன்றரை. அந்தப் பெண் கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரோகிராமை அச்சடித்த காகிதக் கட்டு மேஜை இழுப்பறையில் இருந்தது. மடிப்பு மடிப்பாக நீளும் அந்தக் காகிதத்தைத் தரையில் விரித்து, மண்டி போட்டுத் தேடினேன். அறை சேர்க்கும் பகுதி வந்தது. புது இடம் வாங்கு. பழையதை நகலெடு. புது அறையைக் கடைசியில் போடு. வரிசையின் பெயரைப் புது இடத்துக்கு மாற்று. அடுத்து ஃப்ரீ இருக்கவேண்டும்.

இல்லை.

மறுபடி படித்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். ஃப்ரீ இல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த நான், என் புரோகிராமில், வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். என் மாணவர்கள் யாராவது இப்படி எழுதியிருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். வாழ்க்கையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். திருப்பிக் கொடுக்காத இடத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. பழைய வரிசை அப்படியே இருக்கிறது. ஆணி இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, அதைக் காட்டிக்கொண்டு பாயிண்டரும் நிற்கிறது. ஒழுங்காக எழுதியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

இனி அந்தப் பாயிண்டரைப் பிடித்துக்கொண்டு சங்கிலியைப் படிக்கவேண்டும். ஓடும் புரோகிராமை நிறுத்தாமல் படிக்கவேண்டும். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது ஆட்களிடம் கொடுப்பதற்காக, இப்போது நிரம்பும் அறையின் பட்டியலை அச்சடிக்கக் கீபோர்டில் ஒரு சாவி வைத்திருந்தேன். தேடுவது வரிசை வழியாகத் தேடும். அச்சடிப்பது மட்டும் அந்தப் பாயிண்டர் வழியாகத்தான் போகும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு, நானே அந்தச் சாவியை அழுத்தினேன். பிரிண்டர் ஒரு நொடி சும்மா இருந்தது. அந்த ஒரு நொடியில் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அது கர்ரென்று இழுக்க ஆரம்பித்தது. கடைசியாக வந்த பைதான் முதலில் வரும். ஒரு மணிக்கு வந்தவர்கள், பன்னிரண்டுக்கு வந்தவர்கள், பதினொன்றுக்கு வந்தவர்கள். காகிதம் தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் டோக்கனில் இருந்த எண்ணின் வடிவம் தெரியும். எனக்கு முன்னால் அவள்தான் விரலை வைத்தாள்.

“தோ கீது!”

ஹால், முப்பத்தொன்றாவது வரிசை, கீழ்த்தட்டு.

சூப்பர்வைசர் ஐம்பது வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தேடிக்கொண்டிருந்தவர்கள் அதுவரை எட்டாவது வரிசையைத்தான் முடித்திருந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து பையை இழுத்து வந்து கவுண்டர்மேல் வைத்தார். அவள் ஜிப்பைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் கையை விட்டு, பாலிதீன் உறையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

“நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? மிஷினு பண்ண தப்புக்கு” என்று என் முதுகைத் தட்டினாள்.

தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். “மிஷின் தப்பு இல்லக்கா. அதை எழுதினது நான்தான். என் தப்பு” என்றேன்.

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி வுடு. கெடச்சிச்சில்ல” என்றாள்.

சூப்பர்வைசர் அதற்குள் ஓர் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதிலிருந்த படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. படத்தில் இரண்டு தோளிலும் முடி வழிய, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது நானில்லன்னு சொல்லிடுவாங்களா?” என்று கேட்டாள். போன தடவை திருப்பி அனுப்பியவர்கள் அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். நான் அதுவரை பாஸ்போர்ட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. “அதெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்கக்கா” என்றேன். ஆட்டோ போய்விட்டது.

மீதிப் பொழுது முழுக்க அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நூற்றுச்சொச்சம் பைகளையும் சரியான சங்கிலியில் மறுபடி ஏற்றினேன். மலையிலிருந்து இறங்கி வந்த வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை, டோக்கனைக் கொடுத்தார்கள், பையை வாங்கிக்கொண்டு போனார்கள். புரோகிராமையும் திருத்தினேன். வரிசை குடிபோகும்போது பாயிண்டரையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்படி ஒரு வரி சேர்த்தேன். அதற்கடுத்த வரியில் ஃப்ரீ போட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லை. நகரியிலேயே இருந்திருக்கலாம். முடியவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை, காலையிலும் டீ மட்டும்தான். பை கிடைத்ததே தவிர, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால், அரைமணி நேரம் தாமதமாகி ஏஜெண்ட் போய்விட்டிருந்தால், எல்லாம் என் கணக்கில்தான் சேரும். முதல் பஸ் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் சத்திரத்துக்குப் போய்விட்டேன்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டிக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

“போனு வந்துச்சு. ஏர்போர்ட்டு உள்ளாறயிருந்து பண்ணுச்சு அந்தம்மா. கையோட எடுத்துட்டுப் போன டோக்கன் சீட்டுல நம்ம போனு நம்பரு இருந்துச்சாம், பக்கத்துல நின்னவரு போட்டுக் குடுத்தாராம். ‘அந்தப் பொண்ணு அழுதுக்கினு இருந்துச்சே, அதுகிட்ட மொதல்ல சொல்லிடுங்க’ன்னுச்சு.”

“உள்ள விட்டுட்டாங்களா?”

“ஆபீசரு போட்டோவப் பாத்தாராம், அந்தம்மா தலையப் பாத்தாராம். ‘இவ்ளோ முடி இருக்கே, எங்கம்மா?’ன்னு கேட்டாராம்.”

“ஐயோ. அதுக்கு?”

“‘திருப்பதி’ன்னுச்சாம். அவ்ளோதான். சிரிச்சிட்டு முத்திரை குத்திட்டாராம்.”

நான் அங்கேயே, யாருடையதோ ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சொல்லமுடியாத பசி எடுத்தது. எதிர்க் கடைக்குப் போய், ஆறு இட்லி தின்றேன்.